குறைவுக்கும் பங்கு வேண்டும்!

ஆற்றில் நீர் நிறைந்தோடும் ஆண்டில் அண்டை வீட்டார் இருவரும் நல்லவர்களே. வானம் பொய்த்து, அணையின் அடித்தரை வெளித்தெரியும் ஆண்டிலேதான் வழக்குப் பிறக்கின்றது. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே காவிரி ஆறு அத்தகைய வழக்கை 1995ஆம் ஆண்டில் எழுப்பிற்று, 2002இல் எழுப்பிற்று, 2012இலும் 2016இலும் 2023இலும் எழுப்பிற்று. அவ்வாண்டுகளில் நாம் கண்டவை நீதிமன்ற வாசலும், கடையடைப்பும், சாலை மறியலும், கமக்காரனின் கண்ணீருமே. செய்யவேண்டிய ஒரு காரியம் செய்யப்படாவிடின், அடுத்த வற்கடத்திலும் நாம் காணப்போவன அவையே. அக்காரியம் யாது என்பதை இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

"காவிரி வழக்கில் இலங்கைத் தமிழனுக்கு என்ன வேலை?" என்று வினவுவார் சிலர் இருக்கலாம். வேலை உண்டு. குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் எவனுக்கும், துருசின் திறவுகோல் வேறொருவன் கையில் இருக்கும்போது கீழ்ப்புறத்து வயற்காரன் படும் பாடு இன்னதென்று எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், ஆற்றுநீர் வழக்கில் அடிபட்டவர் யார்? 1991ஆம் ஆண்டு டிசெம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் உயிருக்கஞ்சி ஓடியவர்கள், நீர்ப் பங்கீட்டில் எவ்விதக் கையும் இல்லாத தமிழ் ஏழைகள். மொழியின் பெயரால் அடிபடுவது எத்தன்மைத்து என்பதை அறியாத மக்களல்லர் நாம். ஆதலின் இவ்வழக்கு ஓயவேண்டும் என்று விரும்பும் உரிமையும், அதற்கு வழி கூறும் கடமையும் நமக்கு உண்டு.

பங்கு உண்டு, பஞ்சப் பங்கு இல்லை

குடகு நாட்டின் தலைக்காவிரியிற் பிறக்கும் இவ்வாறு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் ஓடி வங்கக் கடலைச் சேர்கின்றது. மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரம். கீழே தமிழ்நாட்டில் மேட்டூர். முன்னது ஏறத்தாழ 49 டி.எம்.சி. கொள்ளும், 1934ஆம் ஆண்டில் நிறைவெய்திய பின்னது 93 டி.எம்.சி.க்குச் சற்று மேல் கொள்ளும். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நம் கமக்காரர் அறிந்த கணக்கிற் சொல்வதாயின், ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 23,000 ஏக்கர் அடி. மேட்டூர் ஒன்றே நம் இரணைமடுவைப் போன்ற குளங்கள் பதினைந்துக்கு மேல் கொள்ளும் என்றால் அதன் பெருமை விளங்கும்.

இந்நீரைப் பங்கிட 1892ஆம் ஆண்டில் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே முதல் உடன்படிக்கை எழுந்தது. 1924ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரண்டாம் உடன்படிக்கை எழுந்தது. அதன் சில பிரிவுகளை ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் மீள ஆராயலாம் என்று எழுதியிருந்தனர். 1974ஆம் ஆண்டு வந்தது. உடன்படிக்கை முடிந்தது என்றது கர்நாடகம். முடியவில்லை என்றது தமிழ்நாடு. இதற்கிடையே மேற்புறத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்னும் அணைகள் எழுந்தன. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்தது. அத்தீர்ப்பு அரசிதழில் ஏறியது 2013ஆம் ஆண்டில். உயர் நீதிமன்றத்துக்கும் மேலான இந்திய உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தி முடிவு கூறியது 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில். 1974இல் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்க 44 ஆண்டுகள்! அவ்வினா எழுந்தபோது வாய்க்காலில் நீந்திய சிறுவன், விடை வந்தபோது பேரன் கண்டிருப்பான்.

விடை யாது? தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி.; கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. தமிழ்நாட்டுப் பங்கில் பெரும்பகுதி அம்மாநிலத்து மழையினின்றே பெறப்படுவது. கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளந்து விடவேண்டியது ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. அதுவும் மாதந்தோறும் இவ்வளவென்று வகுக்கப்பட்டுள்ளது: யூன் மாதத்தில் 9.19, யூலையில் 31.24, ஓகஸ்டில் 45.95, செப்டெம்பரில் 36.76, பின்னர் படிப்படியாகக் குறையும்.

இக்கணக்கு மழை வழமைபோற் பெய்யும் ஆண்டுக்கு உரியது. மழை பெய்யாத ஆண்டுக்கு? "நீர் குறையின் பங்குகளும் அவ்விகிதப்படி குறையும்" என்று நடுவர் மன்றம் கூறிவிட்டது. நியாயமான வாசகம், மறுப்பாரில்லை. ஆனால் எந்த நாளில், எந்த அணையின் எந்த மட்டத்தைக் கண்டு, எத்தனை விகிதம் குறைப்பது? குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்கியபின் குறைப்பது? மேலே பெய்யாத மழை பின்னர்ப் பெய்தால் குறைத்ததைத் திருப்பிக் கொடுப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு இரு மாநிலங்களும் ஒப்பிய அட்டவணை இல்லாமலே 2018இன் பின்னர் வந்த முதற் பெரும் வற்கடமாகிய 2023ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது.

2023 தந்த பாடம்

அவ்வாண்டு யூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை வழக்கப்படி திறக்கப்பட்டது. தஞ்சைக் கமக்காரர் குறுவை விதைத்தனர். குறுவை என்பது நம் சிறுபோகம் போன்ற குறுகிய காலப் பயிர். தென்மேற்குப் பருவக்காற்று மேலே கொண்டுவரும் நீரையே நம்பி நிற்பது. அக்காற்று ஓகஸ்ட் மாதத்தில் ஏமாற்றிற்று. காவிரி மேலாண்மை ஆணையம் கூடி, வினாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள் விடுக என்றது. பதினைந்து நாள் கழிந்தது. மீண்டும் கூடி, மேலும் பதினைந்து நாள் என்றது. மீண்டும் கூடி, வினாடிக்கு 3,000 கன அடி என்றது. தமிழ்நாடு போதாதென்றது, கர்நாடகம் இயலாதென்றது. செப்டெம்பர் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் முடிவில் தலையிட மறுத்தது. செப்டெம்பர் 29ஆம் நாள் கர்நாடகம் முழுவதும் கடையடைப்பு. ஒக்டோபர் 10ஆம் நாள் மேட்டூரின் மதகுகள் பாசனத்துக்கு மூடப்பட்டன.

வாசகர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக. வினாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள் ஓடும் நீர் ஏறத்தாழ ஆறரை டி.எம்.சி. வழமையான செப்டெம்பரிற் பாதிக்கு உரியது பதினெட்டு டி.எம்.சி.க்குச் சற்று மேல். ஆகவே கீழ்நாட்டுக்குக் கிடைக்கும்படி ஆணையிடப்பட்டது வழமைப் பங்கில் ஏறத்தாழ மூன்றிலொன்று. மூன்றிலொன்று அதிகமா, குறைவா என்பதன்று நம் வினா. அரைவாசி என்னாமல், காற்பங்கு என்னாமல், மூன்றிலொன்று என்று வந்தது எக்கணக்கினால்? விதைப்பதற்கு முன் எந்தக் கமக்காரனாவது அதனை அறிந்திருக்க முடிந்ததா? தஞ்சைக் கமக்காரனும் அறியான். மண்டியாக் கமக்காரனும் அறியான். இருவரும் பதினைந்து நாளுக்கொருமுறை தீர்ப்புக் கேட்கும் கைதிகள் போல் நின்றனர். நெற்பயிருக்குத் தவணை தெரியாது என்பதை ஆணையிடுவோர் உணரல் வேண்டும்.

இரு பக்கத்து நியாயமும்

நாம் தமிழர், நம் மனம் தஞ்சை வயலின் பக்கம் சாய்வது இயல்பு. ஆயினும் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் உரைப்பவன் பத்திரிகை எழுதலாம். பங்கு பிரிக்க முடியாது. மண்டியாவின் கமக்காரனும் கடன்பட்டு விதைத்தவனே. அவனுடைய அணைக்குத் தென்மேற்குப் பருவமழை ஒன்றே தஞ்சம். தமிழ்நாட்டுக்கோ ஒக்டோபரின் பின் வடகீழ்ப் பருவமழையும் உண்டு என்பது கர்நாடகத்தின் வாதம். பெங்களூர் மாநகரின் குடிநீருக்கும் காவிரியே துணை என்பதும் மெய்.

தமிழ்நாட்டின் வாதமும் அதே அளவு மெய்யானது. வடகீழ் மழை ஒக்டோபரில் வந்து பயனென்ன, யூன் மாதத்தில் விதைத்த குறுவை ஓகஸ்டிற் கருகினால்? அணை நிரம்பி வழியும் ஆண்டில் மேலுள்ளோர் மதகைத் திறந்துவிடுவது தம் அணையைக் காக்கும் பொருட்டேயன்றி நம் பயிரைக் காக்கும் பொருட்டன்று. வெள்ளத்தைக் கொடுத்துவிட்டு வறட்சியில் கையை விரிப்பது பங்காளியின் முறையா என்று தஞ்சையார் கேட்பது நியாயமே.

இரு நியாயங்களும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. இரண்டும் சேர்ந்து சொல்வது ஒன்றே: குறைவு என்பதும் ஒரு சொத்துப் போலவே பங்கிடப்படவேண்டியது, அப்பங்கு முன்னரே எழுதப்படவேண்டியது.

நம் குளங்கள் அறிந்த நீதி

இக்கொள்கை மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் பிறந்ததன்று. நம் வன்னிக் குளங்களின் கீழ் இது நெடுநாளைய வழக்கம். மாரி முடிந்ததும் குளத்தின் நீர்மட்டத்தை அளவுகோலிற் பார்த்து, கமக்காரர் கூட்டங் கூட்டி, இவ்வளவு நீருக்கு இத்தனை ஏக்கர் சிறுபோகம் என்று முடிவு செய்வர். நீர் குறைந்த ஆண்டில் வயற்பரப்பு முழுவதையும் விதையாது, நீர் பாயக்கூடிய பரப்பை மட்டும் தெரிந்தெடுத்து, அதனை எல்லாருக்கும் பங்கிடுவர். துருசடியிற் காணி வைத்திருப்பவன் தன் காணியில் ஒரு பகுதியை அப்போகத்துக்கு வாய்க்காற் கடையில் இருப்பவனுக்கு விட்டுக்கொடுப்பான். சிங்களக் கிராமங்களிலும் 'பெத்மை' என்ற பெயரால் இவ்வழக்கம் உண்டு.

இதிலுள்ள நுட்பம் மூன்று. முதலாவது, அளப்பது விதைப்பதற்கு முன். இரண்டாவது, அளவுகோல் எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிற்கின்றது. அது யார் பக்கமும் சாய்வதில்லை. மூன்றாவது, குறைவு எல்லார் மீதும் விழுகின்றது. வாய்க்காற் கடையில் இருக்கும் ஏழையின் மீது மட்டும் விழுவதில்லை. படிப்பறியாத கமக்காரர் வகுத்த இந்நீதியை, பொறியியலாளரும் நியாயவாதிகளும் நிறைந்த இரு பெரு மாநிலங்கள் ஒரு பேராற்றுக்கு வகுக்க இயலாதா?

இயலும் என்பதற்குக் காவிரியின் பழங்கதையே சான்று. 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு இணைக்கப்பட்ட விதிகளின்படி, திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள மேலணையின் அளவுகோலைக் கொண்டே கிருஷ்ணராஜசாகரத்தில் நீர் தேக்குவது ஒழுங்கு செய்யப்பட்டது. வெள்ளையராட்சியின் நிழலில் எழுந்த அவ்வுடன்படிக்கை சமமானவர் இருவர் செய்ததன்று என்று கர்நாடகம் குறை கூறுகின்றது, கூறட்டும். அளவுகோலைப் பார்த்து மதகைத் திறப்பது என்னும் முறை எவருடைய ஆட்சிக்கும் தனிச் சொத்தன்று.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிடுகின்றன. 1922ஆம் ஆண்டில் அவர்கள் எழுதிய உடன்படிக்கை, ஆற்றில் மெய்யாக ஓடும் நீரினும் மிகுதியான நீரைக் காகிதத்திற் பங்கிட்டது. அதன் தொல்லையை இன்றளவும் அனுபவிக்கின்றனர். ஆயினும் 2007ஆம் ஆண்டில் ஒரு நற்காரியம் செய்தனர். மீட் நீர்த்தேக்கத்தின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,075 அடிக்குக் கீழே செல்லும் என்று மதிப்பிடப்படுமாயின் அடுத்த ஆண்டில் எம்மாநிலத்துக்கு எவ்வளவு குறைக்கப்படும் என்று, மட்டம் அவ்வெல்லைக்கு மேலே நின்ற காலத்திலேயே எழுதிவைத்தனர். 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்த மதிப்பீடு வந்தது. 2022ஆம் ஆண்டுக்குக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. அரிசோனாவின் கமக்காரருக்கு நட்டம் கடுமையானதே. ஆனால் அந்நட்டத்தின் அளவு திடீரென்று வந்து தாக்கவில்லை. அவ்விதிகளின் காலம் 2026ஆம் ஆண்டுவரையே. அடுத்த விதிகளை எழுத, நீர் வற்றிய நிலையில் அமர்ந்த ஏழு மாநிலங்களும் ஒரு முடிவுக்கு வர இயலாது இடர்ப்பட்டன. எழுதவேண்டிய காலம் எது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செய்யவேண்டியது யாது?

நம் கருத்தைச் சுருங்கக் கூறுவோம். நடுவர் மன்றம் எட்டு அணைகளைச் சேர்த்தே இயக்கவேண்டும் என்று கருதியது: கேரளத்தின் பாணாசுரசாகரம், கர்நாடகத்தின் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி, கிருஷ்ணராஜசாகரம், தமிழ்நாட்டின் மேட்டூர், பவானிசாகர், அமராவதி. இவ்வெட்டின் இருப்பையும் வரத்தையும் குறித்த நாட்களில் ஒருங்கே கூட்டிப் பார்க்கட்டும். அக்கூட்டுத்தொகை இன்ன படியில் நின்றால் எல்லையில் இவ்வளவு, அதற்குக் கீழ்ப்படியில் நின்றால் இவ்வளவு என்று ஒரு படிவரிசை எழுதப்படட்டும். குடிநீர் முதலில், அதன்பின் நிற்கும் பயிர், அதன்பின் புதுப் பயிர். குறையும் விகிதம் இரு மாநிலத்து வாய்க்கால்களுக்கும் ஒன்றே ஆகட்டும்.

இரண்டாவது, படி இன்னதென்பதை விதைப்புக்கு முன் ஊர்தோறும் அறிவிக்கட்டும். "இவ்வாண்டு மூன்றாம் படி, குறுவை பாதி நிலத்துக்கே" என்று மே மாதத்தில் அறிந்த கமக்காரன் உழுந்தோ பயறோ விதைப்பான், ஓகஸ்டில் அறிந்தவன் கடனை மட்டுமே அறுவடை செய்வான்.

மூன்றாவது, நிலத்தைத் தரிசாக விட நேர்பவனுக்கு ஈடு வேண்டும். இரு மாநில அரசாங்கங்களும் மத்திய அரசாங்கமும் நிறைந்த ஆண்டுகளிற் சேர்க்கும் பொது நிதியிலிருந்து, மண்டியாவானுக்கும் தஞ்சையானுக்கும் ஒரே அளவினால் அது வழங்கப்படட்டும். வயிறு காய்ந்தவனிடம் விட்டுக்கொடு என்று சொல்லும் அரசியல் நெடுநாள் நில்லாது.

நான்காவது, புது அணை எதுவாயினும் விதி முன்னும் கல் பின்னுமாக வரட்டும். மேகேதாட்டுவில் 67 டி.எம்.சி. கொள்ளும் அணையொன்றைக் கர்நாடகம் எழுப்ப விழைந்தது. தமிழ்நாடு முற்றாக எதிர்த்தது. வற்கடத்தில் மதகு எப்போது திறக்கும் என்ற விதி இல்லாதவரை, மேற்புறத்தில் எழும் ஒவ்வொரு கல்லும் கீழ்ப்புறத்தானுக்குப் பூட்டாகவே தோன்றும். அச்சம் காரணமின்றி எழுந்ததன்று.

கேட்பவனுக்கும் கடமை உண்டு. 2018ஆம் ஆண்டு ஓகஸ்டில் காவிரி பெருகி வந்தபோது, முக்கொம்பு மேலணையின் கொள்ளிட மதகுகள் சில உடைந்து விழுந்தன. நீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போயிற்று. மதகைப் பேணாமலும், ஏரிகளைத் தூர்வாராமலும், கடைமடைக்கு வாய்க்காலைச் செப்பனிடாமலும் வைத்துக்கொண்டு மேலுள்ளவனை மட்டும் நோவது அறமாகாது. ஓட்டைக் கலத்தை ஏந்துபவனுக்கு எவ்வளவு வார்த்தாலும் போதாது.

"மேலே இருப்பவன் ஏன் ஒப்புவான்? திறவுகோல் அவன் கையில் அல்லவா?" என்பர் சிலர். அவனுக்கும் இதனால் நன்மை உண்டு. நடுப்போகத்தில் நீதிமன்ற ஆணை வந்து தன் வாய்க்காலை அடைக்கும் என்ற அச்சத்தில் வாழ்பவன் மண்டியாக் கமக்காரனும்தான். அமைச்சருக்கோ இஃது அரண். வற்கடத்தில் நீர் விடும் அமைச்சர் தம் மக்களாற் துரோகியெனத் தூற்றப்படுகின்றார். ஆகவே அவர் விட அஞ்சுகின்றார். "மதகைத் திறந்தது நானன்று, நாமெல்லாரும் முன்னர் ஒப்பிய அட்டவணை" என்று அவர் கூற முடியுமாயின், தெருவில் தீ வைப்பவனின் கைக்கு வேலை குறையும். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் பெங்களூரிலே தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்ததும், துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர் போனதும், சென்னையிலே கர்நாடகத்தார் கடை தாக்கப்பட்டதும் நீர் குறைந்ததனால் மட்டும் அல்ல. குறைவு யார் தலையில் எவ்வளவு என்பது எழுதப்படாததனாலுமாகும்.

நமக்கும் ஒரு சொல்

ஈற்றில் நம் வீட்டையும் நோக்குவோம். 2010ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தானுக்குத் தண்ணீர் கொடுக்க மனமில்லாதவர் என்று அவர்களைப் பழித்தோரும் உண்டு. அவர்கள் கேட்டது யாது? குளம் வற்றும் ஆண்டில் முதலில் மூடப்படுவது குழாயா, எங்கள் துருசா என்பதே. அவ்வினாவுக்கு அவர்கள் நம்பத்தக்க விடை கிடைக்கவில்லை; முடிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒரே மொழி பேசும் ஒரே மாகாணத்து மக்களிடையேகூட, குறைவின் பங்கு எழுதப்படாவிடின் நிறைவின் பங்கும் நம்பப்படாது என்பதை இது காட்டிற்று. ஆகவே கன்னடரும் தமிழரும் ஒருவரையொருவர் ஐயுறுவது மொழியினால் மட்டும் வந்ததென்று கூறுவது பிழை.

உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்த பங்கு பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது. 2033 தொலைவில் இல்லை. மேட்டூர் 2024ஆம் ஆண்டு யூலை இறுதியில் நிரம்பிற்று. 2025ஆம் ஆண்டு யூன் இறுதியிலேயே நிரம்பிற்று. நிரம்பிய அணையின் கரையில் நின்று மலர் தூவுதல் நல்ல வழக்கமே. ஆனால் அந்நாளில் அணைக்கரையில் ஒரு மேசையும் இடப்படட்டும். இரு மாநிலத்து முதலமைச்சரும், பொறியியலாளரும், தஞ்சையிலிருந்தும் மண்டியாவிலிருந்தும் வரும் கமக்காரரும் அதனைச் சுற்றி அமரட்டும். கையில் நீர் இருக்கும்போது கொடுக்கும் வாக்கே நீர் இல்லாதபோது காக்கும் வாக்காகும். வற்கடம் வந்தபின் எழுத அமர்பவன் கையில் பேனா இராது, கல்லே இருக்கும்.